சிறு துவாரமும் ரத்த ஓட்டமும்

கோயிலுக்குள்ளேயே தன்வந்திரி சன்னதியை உடையவர்களும், சிதைந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்த செய்தியை 1493ஆம் ஆண்டுச் சாசனத்தில் காணக்கூடியவர்களுமான ஸ்ரீரங்கவாசிகள் வைத்தியத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஆயினும், பித்தப்பைக் கல்லுக்காகக் காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளிப் புத்தூருக்கோ தில்லை நகருக்கோ செல்லும்போது, லேப்ராஸ்கோபி சிகிச்சையின் துவாரங்கள் 5 அல்லது 10 மில்லிமீட்டரே என்று கேட்டு, அதை அற்பமாக எண்ணிவிடுகிறார்கள்.

ரத்த ஓட்டத்துக்கு அது அற்பமன்று. உறுப்புகள் தெளிவாகத் தெரியும்பொருட்டு வயிற்றினுள் கார்பன் டை ஆக்ஸைடை 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை நிரப்புகையில், பெரிய சிரை நசுங்கி ஹிருதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, வேஸோபிரெஸினும் அட்ரினலினும் பெருகி நாளங்களைச் சுருக்க, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. உடலில் கலக்கும் வாயுவும் அந்தக் கிளர்ச்சியை வளர்க்கிறது. சிலருக்கோ வயிற்றின் உட்சவ்வு இழுபட்டவுடன் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு நாடியே தளர்ந்துவிடும். அப்போது வாயுவை வெளியேற்றி அட்ரோபின் கொடுப்பார்கள்.

மேட்டூரில் திறந்த வெள்ளம் வந்து முட்டுமுன்பே முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டர்களைத் தூக்குவது போல, மயக்க மருந்து நிபுணரும் பெரும்பாலும் வாயு புகுமுன்பே மருந்தைச் செலுத்திவிடுகிறார். மூக்கடைப்புக்கென 1962 வாக்கில் உண்டாக்கப்பட்டு, ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் ஔஷதமாகப் பெயரெடுத்த விசித்திரமான குளோனிடினும், அதன் இனத்ததான டெக்ஸ்மெடெடோமிடினும் நரம்புகளின் பரபரப்பை மூலத்திலேயே அடக்குகின்றன. பிந்தியதை வேகமாக ஏற்றினால் முதலில் கொதிப்பு உயர்ந்து பிறகு நாடி வெகுவாகத் தளரும் என்பதால், ஆரம்ப அளவைச் சுமார் பத்து நிமிஷம் நிதானமாக ஏற்றுவது வழக்கம். ஃபென்டனில் வலியையும், எஸ்மோலால் நாடியின் வேகத்தையும் அடக்கும். எஸ்மோலாலின் காரியம் சில நிமிஷங்களே நிற்பதை நான் அதன் சிறப்பென்றே சொல்வேன். வாயுவை வெளியேற்றியதும் கொதிப்பு பெரும்பாலும் தானே இறங்கும்போது, நெடுநேரம் நிற்கும் மருந்து உபத்திரவமாகவும் முடியலாம்.

இவ்வளவு நுட்பமான கணக்கும், நோயாளி வீட்டிலேயே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியாவிட்டால் தவறிப்போகும். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்களே என்று கொதிப்பு மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் பலர். குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் கொதிப்பு முன்னிலும் அதிகமாக எழும்பும். வேறு சில மாத்திரைகளையோ அன்று நிறுத்தத்தான் வேண்டும். ஆகையால், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒளிக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லி, ஆபரேஷனன்று காலையில் எதை விழுங்குவது, எதை விடுவது என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.