நீலம் ஏறினால் போச்சு

காட்டாக்கடை, வெள்ளறடை, பாறசாலை என்று தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் எல்லையூர்களில், நாலு மூடு ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஷீட் அடிக்கும் ரோலரின் அருமை தெரியும். அமிலம் விட்டு உறையவைத்த பாலை முதலில் வழவழப்பான உருளைகளுக்கு இடையே கொடுத்து மெலிய வைப்பார்கள். பிறகு வரிவெட்டிய உருளைகளில் ஒரு தடவை. அந்த வரிகள் அழகுக்காக அல்ல. வரி விழுந்தால் ஷீட்டின் பரப்பு கூடும், ஈரம் சீக்கிரம் போகும், ஒன்றோடொன்று ஒட்டாது. வருஷக்கணக்கில் ஓடிய ரோலரில் கழுத்து தேயும், புஷ் ஆடும், வரியும் மழுங்கும். கழுத்தைக் கடைய டூல் கடையில் கிடைக்கும். பழைய வரியின் அதே வடிவத்தில் ஒரு டூல் எந்தக் கடையிலும் தொங்காது. செய்துகொள்ள வேண்டியதுதான்.

வீட்டு ஷெட்டில் சின்ன லேத்து போட்டிருப்பவரிடம் உடைசல் போட்டு வைக்கும் தகர டப்பா ஒன்று இல்லாமல் இருக்காது. உடைந்த டிரில் பிட், பவர் ஹேக்ஸா பிளேடின் துண்டு, பல் போன அரம், ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை. எல்லாமே பார்வைக்குக் கறுப்பு இரும்பு. இதில் எதைத் தீட்டினாலும் கூர் வரும். கூர் ஒரு பிரச்சினையே இல்லை. சூட்டில் அந்தக் கூர் நிற்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலோகத்தைக் கடைய நாம் செலவழிக்கும் உழைப்பு அநேகமாக முழுதும் சூடாகத்தான் மாறுகிறது. 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. மியூனிக் ஆயுதச்சாலையில், தண்ணீரில் மூழ்கவைத்த பீரங்கி உலோகத்தின்மேல் மழுங்கிய துளைக்கருவி ஒன்றை அழுத்தி, குதிரைகளை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. தீயே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைக் கண்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். சூடு என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்ற அந்தக் கால நம்பிக்கை ஆட்டம் கண்டதும் இங்கேதான். லேத்துக்காரருக்கோ இது தினசரிச் சங்கடம். அந்தச் சூட்டில் ஒரு பங்கு டூலின் நுனிக்குள் ஏறுகிறது.

அரத்தின் எஃகில் ஒரு சதவீதத்துக்கும் சற்று மேலாகக் கார்பன் உண்டு. செஞ்சூட்டில் அந்தக் கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும். சட்டென்று தண்ணீரில் தோய்த்தால் பிரிந்து போக நேரமில்லாமல் இரும்பணுக்களின் நடுவே மாட்டிக்கொள்ளும். எஃகின் கடினம் இந்த நெருக்கடியில் பிறப்பது. மறுபடி சூடு ஏறினால் மாட்டிக்கொண்டது மெல்லக் கழன்றுவிடும்; சுமார் 300 பாகை செல்சியஸில் நுனி நீலமாகும்போது கடைசல் டூலுக்கு வேண்டிய கடினம் போயே போச்சு. டிரில் பிட்டின் ஹைஸ்பீடு எஃகு அப்படியல்ல. 600 பாகை வரை தாக்குப்பிடிக்கும்.

டப்பாவில் கிடப்பது இரண்டில் எது? சாணையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரத்திலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகப் பொறி சீறி வரும். ஒவ்வொரு பொறியும் நுனியில் வெடித்துக் கிளைவிடும். பறக்கும் துகளுக்குள் கார்பன் எரிந்து வாயுவாகி, துகளைச் சிதறடிப்பதால் வரும் வெடிப்பு அது. ஹைஸ்பீடு எஃகில் மங்கிய சிவப்பாக, அறுந்தறுந்து, அதிகம் வெடிக்காத நூல்கள்தான் வரும். அதில் சேர்ந்திருக்கும் டங்ஸ்டன் போன்ற உலோகங்களின் வேலை அது. ஸ்பிரிங் பட்டையின் பொறி கிட்டத்தட்ட அரத்தினுடையதுபோல இருந்தாலும் வெடிப்பு குறைவு, ஏனென்றால் கார்பன் பாதிதான். அதை டூலாக்காமல் டூலைப் பிடிக்கும் தண்டாக்குவது நல்லது.

இந்த டங்ஸ்டன் எஃகின் வம்சாவளியில் நம் பக்கமும் ஒரு இழை உண்டு. இந்தியாவின் உட்ஸ் எஃகைச் சோதித்து 1805-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர் டேவிட் முஷெட். டங்ஸ்டன் கலந்து, தண்ணீரில் தோய்க்காமல் காற்றில் ஆறினாலே கடினமாகும் டூல் எஃகை 1868-இல் கொண்டுவந்தவர் அவர் மகன் ராபர்ட். பிறகு 1898 வாக்கில், அமெரிக்காவின் பெத்லஹேம் ஆலையில் டெய்லரும் வைட்டும் ஒரு விபரீதம் செய்தார்கள். இதற்குமேல் காய்ச்சினால் எஃகு பாழ் என்று எல்லாக் கொல்லர்களும் சத்தியம் செய்த எல்லையைத் தாண்டி, உருகும் நிலைக்குக் கிட்டே கொண்டுபோய் ஆறவிட்டார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில், நுனி சிவந்து கனன்றபடியே அந்த டூல் எஃகைச் சீவிக்கொண்டிருந்தது.

ஹைஸ்பீடு எஃகுக்கு 1,250 பாகைபோல வேண்டும் என்பதால் வீட்டு உலையில் அதன் பதத்தைத் தொடவே கூடாது. இருக்கிற துண்டைத் தீட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. சிக்கலான வடிவத்துக்கு அரம்தான் கைகொடுக்கும். சிரட்டைக்கரி உலையில் சிவக்க வைத்து, சாம்பலில் புதைத்து, மறுநாள் எடுத்தால் இன்னொரு அரத்தாலேயே ராவலாம். வரியின் வடிவத்துக்கு ராவி, அடியில் ஏழெட்டுப் பாகை சரிவு விட்டு, மேல்முகத்தைச் சமமாக வைத்துவிட வேண்டும். மேல்முகம் சாய்ந்தால் வரியின் வடிவம் மாறிவிடும். வார்ப்பிரும்பைக் கடையவும் இதுவே சௌகரியம்.

பிறகு மறுபடி உலை. எவ்வளவு சிவந்தால் போதும் என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்தால் பகலில் ஒரு நிறம், அந்தியில் வேறு நிறம். காந்தத்தை நம்பலாம். 770 பாகையில் இரும்பு காந்தத்தைக் கைவிடும். ஒட்டாமல் போனபின் இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டுத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். இப்போது அது கண்ணாடிபோல் கடினம், கண்ணாடிபோலவே தட்டினால் உடையும். ஒரு முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்புறத்தில் மெல்லச் சூடு காட்டினால் வெளிர்மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக நுனியை நோக்கி ஊரும். சாயம் எதுவுமில்லை, மேலே படியும் ஆக்சைடு படலத்தின் கனம் மாற மாற, அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிறம் மாறுகிறது. நுனியில் வெளிர்மஞ்சள் எட்டிய கணம், சுமார் 230 பாகையில், தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்து அரை நொடி தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் குழப்பும் ஒன்று உண்டு. அரத்தில் செய்த டூலைச் சாணையில் தீட்டும்போது நொடிக்கொருதரம் தண்ணீரில் முக்க வேண்டும், நீலம் ஏறக்கூடாது. ஹைஸ்பீடு துண்டு நீலமானால் பதறவேண்டாம், ஆனால் சுடச்சுடத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். கார்பைடு நுனி வைத்த டூலானால் அந்தச் சாம்பல்நிறச் சாணையையே மறந்துவிடலாம், அதற்குப் பச்சைக் கல் வேண்டும். எந்தக் கல்லானாலும் கண்ணாடி போடாமல் முன்னால் நிற்கிறவரை எனக்குப் புரிவதேயில்லை.