ஈட்டிப் பலகை ஏன் பிய்கிறது?

பாலக்காடு, இடுக்கி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரத்தை இழைப்பது லேசான வேலையல்ல. அதன் நார்கள் ஒரே திசையில் ஓடாமல் பின்னிக் கிடக்கும். எதிர்நாரில் இழைத்தால், உளியின் முனை வெட்டுமுன்பே நார் பிளந்து பலகை பிய்ந்துவிடும்.

பழைய ஸ்டான்லி இரும்பு இழைப்புளியில் இதற்கு வழி இருக்கிறது. அந்த இழைப்புளி அமெரிக்கரான லியோனார்ட் பெய்லியின் வடிவமைப்பு. அவரது நிறுவனத்தை ஸ்டான்லி 1869இல் வாங்கியது. 45 பாகை சாய்ந்த உளியின் மேல் ஒரு தகடு அமரும். அதை முனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் இறுக்கினால், எழும் சுருள் உடனே மடிந்து உடையும். பிளவு மரத்துக்குள் ஓடாது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஈட்டி வளரும் அந்த மலைப்பகுதிகளில் மழைக்கால ஈரம் இழைப்புளியின் இரும்பைச் சும்மா விடாது. வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால், ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாமல் அந்தப் படலம் தடுக்கும்.