கருடனுக்குப் பெயர் வைத்தவர்கள்

ஜொகூரில் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தாலும், கலசத்துக்கு நீர் ஊற்றும் வேளை நெருங்கினால் கூட்டம் அண்ணாந்து பார்க்கும். "கருடன் வந்துட்டார்!" என்று யாராவது கை காட்டியதும்தான் பலருக்கு நிம்மதி. அப்படி வட்டமிடும் பறவை பெரும்பாலும் செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றது பெரும்பாலும் செங்காவி. கும்பாபிஷேகம் பெரும்பாலும் காலையில்தான் நடக்கும். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கும் நேரமும் அதுவே. சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி உயர இந்தப் பறவைக்கு அந்தக் காற்று போதும்.

மலாய்க்காரர்கள் இதை லாங் மேரா, சிவப்புப் பருந்து என்கிறார்கள். அவர்கள் பெயர் வைப்பதில் சுற்றி வளைக்க மாட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிப்பது லாங் தீக்குஸ், தேன்கூட்டைப் பிய்ப்பது லாங் லெபா. லங்காவி என்ற பெயரே ஹெலாங் (பருந்து), காவி (செந்நிறம்) என்ற இரு சொற்கள் சேர்ந்து வந்ததாகச் சொல்வார்கள். சரவாக்கின் இபான் மக்களுக்கோ செம்பருந்து சகுனப் பறவைகளுக்கெல்லாம் தலைவனான சிங்காலாங் புரோங்கின் வடிவம்.

அறிவியல் பெயரின் கதை புதுச்சேரிக் கடற்கரையில் தொடங்குகிறது. 1760இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இதைப் 'புதுச்சேரிக் கழுகு' என்று விவரித்தார். 1783இல் டச்சு அறிஞர் பொட்டார்ட் 'இண்டஸ்', அதாவது இந்தியாவைச் சேர்ந்தது, என்ற பெயரைச் சேர்த்தார். முன்னால் நிற்கும் 'ஹாலியாஸ்டர்' 1840இல் ஆங்கிலேய அறிஞர் செல்பி தந்தது. கடல் வல்லூறு என்று பொருள் கொள்ளலாம். ஜொகூர் நீரிணையில் பிறந்து வளர்ந்த பருந்தும் ஏட்டில் இந்தியப் பருந்துதான்! ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்' என்பது, இந்துக்கள் இதை விஷ்ணுவின் வாகனமாக வணங்கியதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்.

பெயர்தான் ஆசாரம், சாப்பாடு முழுக்க அசைவம். ஜொகூரின் குக்குப் மீன்வளர்ப்புக் கூண்டுகள் போன்ற இடங்கள் இதற்கு வசதி. மீன்கொத்தியைப் போலத் தண்ணீருக்குள் பாய்வதில்லை. தாழப் பறந்து வந்து, மிதக்கும் செத்த மீனையோ குடலையோ காலால் அள்ளிக்கொண்டு பறந்தபடியே கொத்தித் தின்னும். நண்டும் பிடிக்கும், மற்றப் பறவைகள் பிடித்ததைப் பறிக்கவும் தயங்காது.

இளம் பறவையின் உடல் முழுக்கப் பழுப்பு நிறம் என்பதால், குளிர்காலத்தில் வலசை வரும் கரும்பருந்து என்று எளிதில் ஏமாறலாம். அடுத்த கும்பாபிஷேகத்தில் வாலைப் பாருங்கள்: நுனி பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் கருடன்.