ரீல்ஸில் வரும் முதலீட்டு விளம்பரம் நிஜமா, போலியா? செபி விதிகள் சொல்வது என்ன?

திருத்தணியில் இருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு வழித்துணை ரீல்ஸ்தான். ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால் ஒரு ரீல் தமிழில், அடுத்தது தெலுங்கில். எந்த மொழியாக இருந்தாலும் நடுவில் ஒருவர் வந்து, "மாசம் 20% லாபம், லிங்க் பயோல இருக்கு" என்பார்.

பதிவு பெற்ற எந்த முதலீட்டு ஆலோசகரும் இப்படிப் பேச முடியாது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2023-ல் ஆலோசகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் விளம்பர விதிகளைக் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் மெசேஜுக்கும் யூடியூப் வீடியோவுக்கும் சேர்த்துத்தான். பெயர், பதிவு எண், சந்தை அபாய எச்சரிக்கை கட்டாயம். லாபத்துக்கு உத்தரவாதம் தரக்கூடாது. அதனால்தான் நிஜமான கம்பெனி விளம்பரம் கொஞ்சம் போர் அடிக்கும். அப்படி இருந்தா நல்லதுன்னு எடுத்துக்கலாம்.

யூடியூபர் சொன்னால்?

'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் யூடியூப், டெலிகிராமில் பங்கு வர்த்தகப் பயிற்சி நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. பயிற்சி என்ற பெயரில் பதிவு இல்லாமலே பங்கு ஆலோசனை தந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆலோசனைக் கட்டணமாக வசூலித்த 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது செபி. அந்த உத்தரவில் இன்னொரு தகவலும் இருக்கிறது: 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டம்!

2024 ஆகஸ்டில் விதி இன்னும் இறுகியது. பதிவு இல்லாமல் ஆலோசனை தருபவர்களோடு, லாபம் நிச்சயம் என்பவர்களோடு, பதிவு பெற்ற கம்பெனிகள் பணத் தொடர்போ ஆள்பிடிக்கும் தொடர்போ வைக்கக்கூடாது. 'டீமேட் கணக்கு தொடங்க கீழே லிங்க்' என்று போடுபவர் பதிவு இல்லாமல் பங்கு டிப்ஸும் தந்தால், லிங்க் கொடுத்த புரோக்கருக்கும் சிக்கல்தான்.

ஏமாறுவது நமக்குப் புதுசு இல்லை. ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று நம்பி 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். தொகை 2,438 கோடி ரூபாய் என்கிறது பொருளாதாரக் குற்றப்பிரிவு. அப்போது தெரிந்த ஏஜென்ட் வீடு தேடி வந்து பேசினார். இப்போது அந்த வேலையை முகம் தெரியாத வாட்ஸ்அப் குரூப் அட்மின் பார்க்கிறார்.

பெரிய கம்பெனியின் பெயரையும் லோகோவையும் அப்படியே திருடிப் போடும் போலிகளும் உண்டு. இதைத் தடுக்கத்தான், செபியிடம் கொடுத்த அதே மெயில், போன் நம்பரில் கூகுளிலும் மெட்டாவிலும் பதிந்து, சரிபார்ப்பு முடிந்த பிறகே விளம்பரம் போடவேண்டும் என்று 2025 மார்ச்சில் கம்பெனிகளுக்குச் சொல்லப்பட்டது.

பணம் அனுப்பும் முன்...

பதிவு எண்ணைக் கேளுங்க. ஆலோசகர் என்றால் 'ஐஎன்ஏ', ஆய்வாளர் என்றால் 'ஐஎன்ஹெச்' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. எண் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால் இது மட்டும் போதாது. யுபிஐ ஐடியில் 'வேலிட்' என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கா, பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியுதா என்பதையும் கவனிங்க. 2025 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. 'செபி செக்' வசதியில் வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபார்க்கலாம். தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திடுங்க.

பணம் போய்விட்டதா? குரூப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் சொன்னால்தான் அதை முடக்க வழி இருக்கும்.