மாணவர் சங்கங்களும் பிரசங்கக் கூட்டங்களும்

கோடை விடுமுறை கழிந்து கலாசாலைகள் திறந்ததும் நம் காரியாலயத்திற்கு ஒருவகை அழைப்பிதழ்கள் வந்து குவியத் தொடங்கும். இன்ன கலாசாலையின் இன்ன சங்கம், இன்ன பிரமுகர் அக்கிராசனம் வகிப்பார், இன்னார் சிறப்புச் சொற்பொழிவு நிகழ்த்துவார், அனைவரும் வருக. தாள் வழவழப்பாயிருக்கும். பட்டங்களும் பதவிகளும் கொட்டை எழுத்தில் இரண்டு வரி ஓடும். பேசப்படும் பொருள் யாதென்று தேடினால் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும், "இளைஞரும் எதிர்காலமும்" என்பது போன்று, எவரும் எதையும் பேசுதற்கு இடந்தரும் தலைப்பாகவே அஃது இருக்கும். கூட்டத்திற்குச் சென்று திரும்பும் மாணவரை, "இன்று என்ன கேட்டீர்?" என்று வினவினால், "நன்றாகப் பேசினார்" என்பதற்கு மேல் விடை பெறுதல் அரிது.

இஃது அற்ப விஷயமென்று தள்ளிவிடத் தக்கதன்று. தாமே தலைவரையும் காரியதரிசியையும் தெரிந்தெடுத்து, தாமே ஒரு சபையைக் கூட்டி, அதில் ஒரு பெரியவரைப் பேசச் செய்து, அவரை நோக்கிக் கேள்வி கேட்கும் வாய்ப்பு நம் வாலிபர்க்கு முதன்முதல் கிட்டுவது மாணவர் சங்கத்தில்தான். அங்கே பயிலும் பழக்கமே பின்னர் நகரசபையிலும் சட்டசபையிலும் தொழிற்சங்கத்திலும் தலைகாட்டுகிறது. பிரமுகர் நுழைந்ததும் எழுந்து நிற்கவும், சொன்னவிடத்தில் கைதட்டவும், படம் எடுத்துக்கொண்டு கலையவும் மட்டுமே பயிற்சி பெற்ற ஒருவர், நாற்பது வயதில் ஒரு மந்திரியைப் பார்த்து, "இதற்குக் கணக்கு எங்கே?" என்று கேட்பாரென எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டக் கூடிய பழைய அனுபவம் ஒன்று எழுத்திலேயே கிடைக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்ற இந்திய மாணவர்கள் 1891-ஆம் ஆண்டில் 'மஜ்லிஸ்' என்றொரு சங்கம் கண்டனர். ஆக்ஸ்போர்டில் 1896-இல் அதே பெயரில் மற்றொன்று தோன்றிற்று. மஜ்லிஸ் என்பதற்குச் சபை என்பதே பொருள். பிற்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கிய ஸ்ரீ அரவிந்தர், கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோது மஜ்லிஸின் காரியதரிசியாகச் சில காலம் பணிபுரிந்து, அங்கே காரசாரமான பிரசங்கங்களும் செய்தவர். ஜவாஹர்லால் நேரு 1907 முதல் 1910 வரை டிரினிடி கலாசாலையில் பயின்றபோது மஜ்லிஸ் கூட்டங்களுக்கு அடிக்கடி சென்றவர். 1936-இல் வெளிவந்த சுயசரிதையில் அக்கூட்டங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சில பக்கங்கள் சங்கக் காரியதரிசி ஒவ்வொருவரும் படிக்கத் தக்கவை.

அந்நாளில் இந்தியாவினின்றும் வந்த தலைவர் மூவர் அம்மாணவரிடையே பேசினர். விபின சந்திர பாலர் வந்தபோது கூடியவர் ஏறக்குறைய ஒரு டஜன் பேர். கூடிய இடம் ஒரு மாணவரின் அறை. பாலரோ பதினாயிரவர் திரண்ட மைதானத்தில் முழங்குவதுபோல் முழங்கினார். சப்தத்தின் மிகுதியால் அவர் சொன்னது இன்னதென்றே தமக்குச் சரியாக விளங்கவில்லை என்கிறார் நேரு. இதே பாலர் 1907-இல் சென்னைக் கடற்கரையில் பேசி நம் இளைஞர் உள்ளத்தில் கனல் மூட்டியவர் என்பதை மறத்தலாகாது. கடற்கரைக்கு ஏற்ற குரல் அறைக்கு ஏற்கவில்லை, அவ்வளவே. லாலா லஜபதி ராய் நிதானமாகப் பேசினார். அப்பேச்சு நேருவின் மனத்திற் பதிந்தது. கோகலே வந்தபோதோ, அவர் பேசியதைக் காட்டிலும், இறுதியில் க்வாஜா என்பவர் எழுந்து கேட்ட கேள்வியே மாணவர் நினைவில் நின்றதாம். அக்கேள்வி நீண்டுகொண்டே போயிற்று. அது எங்கே தொடங்கியது, எதைப் பற்றியது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

இவை வேடிக்கைக் கதைகளாகத் தோன்றலாம். ஆயின் இன்றும் மாணவர் கூட்டங்கள் கெடுவது இவ்வழிகளில்தான். வருபவர் எத்தனை பேரை எதிர்பார்த்து வருகிறார்? கேட்போர் யார்? அவர்கள் அப்பொருளில் என்ன படித்திருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் தரப்படும்? கேள்விகள் உண்டா? இவற்றை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். நாம் காணும் கடிதங்களில் இவற்றுக்குப் பதிலாக, "தலைப்பைத் தங்கள் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறோம்" என்ற ஒரு வாக்கியம் மரியாதை வேடந் தரித்து நிற்கிறது. அது மரியாதையன்று, சோம்பல். தமக்கு என்ன தெரிய வேண்டுமென்று சங்கத்தார் கூடிச் சிந்திக்கவில்லை என்பதற்கு அவ்வாக்கியமே வாக்குமூலம். அங்கத்தினர் பதின்மர் உட்கார்ந்து, இவ்வாண்டு நாம் தெளிய வேண்டிய நான்கு விஷயங்கள் யாவை என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நம் ஊர்க் குளங்கள் ஏன் தூர்ந்தன என்பது ஒன்றாயிருக்கலாம். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிப்பதில் உள்ள தடை யாது என்பது இன்னொன்றாயிருக்கலாம். அதன்பின் அவற்றைப் பேச வல்லார் யாரென்று தேடினால், சினிமாவிலும் மந்திரி சபையிலும் இல்லாத பலர் பக்கத்துத் தெருவிலேயே அகப்படுவர். குளத்தைப் பற்றிப் பேச, ஓய்வு பெற்ற பாசன இஞ்ஜினீயரும் ஏரிப் பாசனத்தில் முடி நரைத்த விவசாயியும் ஒரே மேடையில் அமரலாமே! வழிச்செலவு கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதையும் அக்கடிதத்திலேயே கூச்சமின்றி எழுதிவிடுதல் நலம். கூட்டம் முடிந்தபின் காரியதரிசி ஓடி ஒளிவதைக் காட்டிலும் அது கௌரவமானது.

அடுத்தது நேரம். ஒன்றரை மணிக் கூட்டமென்று வைத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்துக்கு 5 நிமிஷம், வரவேற்புக்கு 10, மாலைக்கும் பொன்னாடைக்கும் 10, பேச்சாளரை அறிமுகம் செய்ய 10, அக்கிராசனர் முன்னுரைக்கு 20, நினைவுப் பரிசுக்கும் படத்துக்கும் 5, நன்றிக்கு 5. போனது 65 நிமிஷம். எஞ்சிய 25 நிமிஷத்தில், நூறு மைல் பிரயாணம் செய்து வந்தவர் பேசி முடிக்க வேண்டும், கேள்விக்கு இடமேது? விடுதியில் இல்லாத மாணவர்க்குக் கடைசிப் பஸ் உண்டு. பெண்கள் விடுதியின் கதவு அடைபடும் நேரமும் உண்டு. ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் கேள்வி நேரத்தினின்றே கழிக்கப்படுகிறது. பெண் மாணவர் பாதிக்கு மேல் உள்ள சங்கங்களிற்கூடக் கேள்வி கேட்டவர் அனைவரும் ஆண்களாயிருப்பதை நாம் கண்டதுண்டு. அதற்குக் கூச்சத்தைவிடக் கதவடைக்கும் மணியே பெரிய காரணம்.

கேள்வி நேரத்தைக் காப்பது ஒரு கலை. நியாயஸ்தலத்தில் குறுக்கு விசாரணை செய்தவர் யாவரும் அறிவர்: கேள்வி நீண்டால் சாட்சி தப்பிவிடுவான். ஒரு கேள்வி, ஒரு விஷயம், அரை நிமிஷம். அதற்கு மேற்படின் அக்கிராசனர் மணியை அடிக்கலாம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கும் வழக்கம் கூச்சமுள்ளவர்க்கு உதவும். ஆனால் அச்சீட்டுக்களுள் காரமானவற்றைக் காரியதரிசி சட்டைப் பையில் ஒளிக்கும் வழக்கமும் உடன் வந்துவிடுகிறது. சீட்டுக்களையெல்லாம் மேடையிலேயே பிரித்து வாசிப்பதென்று விதி செய்துவிடலாம். டிரினிடி கலாசாலையின் வாதசங்கம் ஒன்றில், ஒரு தவணை முழுதும் வாய் திறவாத அங்கத்தினர் அபராதம் செலுத்த வேண்டுமென்ற விதி இருந்தது. நேரு பலமுறை அபராதமே செலுத்தினார். மஜ்லிஸிலும் அவர் வாயடைத்தே இருந்தார். கூச்சமுள்ள ஒரு பையன் பின்வரிசையில் யாராக உட்கார்ந்திருக்கிறான் என்பதைச் சங்கத்தார் அறியமாட்டார்கள்.

விளம்பரத்தைப் பற்றி நம் வாலிபர் அதிகம் கவலைப்படுகின்றனர். கைப்பேசிக் குழுக்களில் ஒரு வர்ணப் படத்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, வந்தவர் பத்துப் பேரென்று வருந்துகின்றனர். பிரமுகரின் முகம் ஆளைக் கூட்டலாம். ஆயின் கேள்வி ஒன்று கூட்டும் ஆட்களே கடைசிவரை இருப்பர். ஆக்ஸ்போர்டு யூனியன் என்னும் மாணவர் வாதசங்கத்தில் 1933 பிப்ரவரி 9-ஆந் தேதி ஒரு தீர்மானம் வாதத்திற்கு வந்தது: எக்காரணங் கொண்டும் அரசர்க்காகவும் நாட்டிற்காகவும் போர்புரிய மாட்டோம் என்பது அதன் சாரம். ஆதரவு 275, எதிர்ப்பு 153. ஒரு மாணவர் அறையின் வாக்கெடுப்பு இங்கிலாந்து முழுவதையும் கலக்கிற்று. சர்ச்சில் சீறினார். அத்தீர்மானத்தை ஏட்டினின்றும் நீக்க வேண்டுமென்று அவர் மகனும் பிறரும் கொணர்ந்த முயற்சி, மாணவர்களால் 750-க்கு 138 என்ற கணக்கில் முறியடிக்கப்பட்டது. அத்தீர்மானம் சரியா தவறா என்பது வேறு விஷயம். மறுக்கவும் ஒப்பவும் இடமுள்ள ஒரு வாக்கியம் அதற்குத் தலைப்பாக வாய்த்தது என்பதே நாம் கவனிக்க வேண்டுவது.

எதிர்க் கட்சிக்காரரை அழைக்கும் தைரியமும் வேண்டும். கேம்பிரிட்ஜ் யூனியனில் 1965 பிப்ரவரியில், அமெரிக்காவின் கனவு அந்நாட்டுக் கறுப்பு மக்களின் செலவில் நிறைவேறியதா என்ற பொருள் விவாதிக்கப்பட்டது. நிறைவேறியதென்று வாதித்தவர் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பு எழுத்தாளர். மறுத்தவர் வில்லியம் பக்லி என்ற அமெரிக்கப் பழமைவாதப் பத்திரிகாசிரியர். பால்ட்வின் பக்கம் 544 வாக்கும் மறுபக்கம் 164 வாக்கும் விழுந்தன. பக்லி வராதிருந்தால் அது பால்ட்வினுக்கு ஒரு பாராட்டுக் கூட்டமாய் முடிந்திருக்கும். நம் தேசிய மாணவர் பலர், தாம் வெறுக்கும் கொள்கையுடையவரைத் தம் மேடையில் ஏற்றுவது துரோகமென்று எண்ணுகின்றனர். ஏற்றியபின் கூச்சலிட்டு இறக்குவதை வீரமென்றும் சிலர் கருதுகின்றனர். இரண்டும் கோழைத்தனமே.

இனி, அனுமதி விஷயம். இதுவே யாவற்றினும் முக்கியமானது. கேம்பிரிட்ஜ் யூனியன் 1815-இல் தோன்றிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817-இல், சர்வகலாசாலை அதிகாரிகள் அதை மூடினர். 1821-இல் மீண்டும் திறக்க விட்டபோதும், அண்மைக்கால அரசியல் பேசலாகாதென்று கட்டுப்பாடு விதித்தனர். நம் நாட்டில் நடந்தது இதனினும் கொடிது. 1907-இல் பாலர் ராஜமகேந்திரபுரத்திற்கு வந்து பேசியபின், வந்தேமாதரச் சின்னம் அணிந்த குற்றத்திற்காக அவ்வூர்க் கலாசாலை மாணவர்கள் தண்டிக்கப்பட்டனர். பின்னர்ப் பெயர்பெற்ற தேசத் தொண்டரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் அங்ஙனம் விலக்கப்பட்டவருள் ஒருவர். அந்நிய ஆட்சி 1947-இல் ஒழிந்தது. ஆனால் பேச்சாளர் பெயர்ப் பட்டியலை அதிபர் அறைக்குள் அனுப்பி, சிவப்பு மையால் அடிக்கப்பட்டு வருமளவும் வாசலில் காத்திருக்கும் வழக்கம் பல கலாசாலைகளில் ஒழியவில்லை. மண்டபத்தையும் நேரத்தையும் அமைதியையும் பற்றி அதிபர் கேட்கலாம், கேட்க வேண்டும். யார் பேசலாமென்பது சங்கத்தின் உரிமை. மாணவரும் தம் கோரிக்கையை வாய்மொழியாக விடாது எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் பெற வற்புறுத்த வேண்டும். வாயால் மறுப்பது எவர்க்கும் எளிது. கையெழுத்திட்டு மறுக்கும்போது பேனா சற்றே தயங்கும்.

மஜ்லிஸைப் பற்றி நேரு கூறும் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே நடந்த வாதங்களிற் பெரும்பகுதி பார்லிமெண்டு பாவனைகளைக் காப்பியடிப்பதிலேயே கழிந்தது. அதிதீவிரமாகப் பேசியவர்களோ ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராகவும் ஹைகோர்ட்டு ஜட்ஜுகளாகவும் அடக்கமான வக்கீல்களாகவும் அமர்ந்துவிட்டனர். தேசிய இயக்கத்தில் அவர்களைக் காண்பது அரிதாயிற்று. (எம் தொழிலாரைப் பற்றிய பகுதியை நாம் மறுப்பதற்கில்லை.) இதற்கு நேர்மாறாக, யாழ்ப்பாணத்தில் 1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரஸைக் காட்டலாம். ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர் நடத்திய அச்சங்கம் தீண்டாமையைக் கண்டித்தது; சுதேசியத்தையும் தாய்மொழியையும் போற்றிற்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் சென்றது அவ்விளைஞரின் அழைப்பின் மேல்தான். வந்தவர் மாலையை மட்டும் பெற்றுச் செல்லவில்லை. கதர் நிதிக்குப் பணமும் திரண்டது. வேலை செய்யும் சங்கம் அழைத்தால், எவ்வளவு பெரியவரும் வரக் காரணம் உண்டு.

கூட்டம் முடிந்தபின் செய்ய வேண்டுவதை நம்மவர் அறவே மறந்துவிடுகின்றனர். 1916 பிப்ரவரியில் காசி ஹிந்து சர்வகலாசாலைத் தொடக்க விழாவில் காந்தியடிகள் பேசியதும், அன்னி பெஸண்டு அம்மையார் குறுக்கிட்டதும், கூட்டம் பாதியில் முறிந்ததும் பலரறிந்தவை. அப்பேச்சைப் பத்திரிகையில் படித்த ஒரு வாலிபர் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி, அவ்வாண்டிலேயே அவரிடம் சென்று சேர்ந்தார். அவரே வினோபா. 2015 மே மாதத்தில், பிரிட்டன் தன் பழைய காலனிகளுக்கு ஈடு செலுத்தக் கடமைப்பட்டதென்று ஆக்ஸ்போர்டு யூனியனில் சசி தரூர் பேசினார். அப்பொழுது கேட்டவர் ஒரு மண்டபத்தினரே. அச்சங்கத்தார் ஒளிப்பதிவை வெளியிட்டபின் இந்தியாவெங்கும் லக்ஷக்கணக்கானோர் அதைக் கண்டு பேசினர். நம் சங்கங்களிலோ படத்திற்குப் போட்டோகிராபர் உண்டு. பேச்சைக் குறித்துக்கொள்ள ஒருவர் இல்லை.

ஆகவே, ஒவ்வொரு கூட்டத்திற்கும் இரு மாணவரைக் குறிப்பெடுக்க அமர்த்துக. பேச்சின் சாரம், கேட்கப்பட்ட கேள்விகள், பெறப்பட்ட விடைகள், விடை பெறாத கேள்விகள், வந்தவர் தொகை, செலவு ஆகிய அனைத்தையும் மறுநாளே ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, ஒரு பிரதியைப் பேச்சாளர்க்கும் அனுப்பி, ஆண்டிறுதியில் புதிய காரியதரிசியிடம் புஸ்தகத்தை ஒப்படைக்க வேண்டும். இப்பொழுது பல சங்கங்களில் ஒப்படைக்கப்படுவன மேடைத் திரையும் பொன்னாடைக் கடையின் பாக்கிச் சீட்டுமே. அத்தகைய குறிப்புக்களை, முக்கியமாக விடை பெறாத கேள்விகளை, எந்தச் சங்கத்தார் அனுப்பினும் இப்பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். அழைப்பிதழ்கள் வேண்டியதில்லை.