வேலை கிடைத்துவிட்டது: முதல் மாதத்தில் கேட்க வேண்டியவை

நேர்முகப் பரீட்சை முடிந்து, "திங்கட்கிழமை வந்து சேருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முகாமிலிருந்து திரும்பி வந்து, பலாங்கொடையில் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் சிறிய விடயமல்ல. "ஏதாவது கேட்டால் வேலை போய்விடுமோ" என்ற பயமும் அதனால்தான் வருகிறது. துரையைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கி நின்ற காலம் ஒன்று தோட்டங்களில் இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டாம். மரியாதை வேறு, வாய்மூடி நிற்பது வேறு.

சேருவதற்கு முன்

நியமனக் கடிதத்தைக் கேளுங்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை விபரங்களை எழுத்தில் தருவது நிறுவனத்தின் கடமை. பதவி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தகுதிகாண் காலம் எவ்வளவு என்பவற்றைப் பாருங்கள். கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்து விளங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். "வீட்டில் காட்டிவிட்டு நாளை தருகிறேன்" என்று கேட்பதில் தவறில்லை.

பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோ கொப்பி போதும். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அவற்றை மறுபடி எடுப்பது பெரும் அலைச்சல். தேசிய அடையாள அட்டை இன்னும் இல்லையென்றால், உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் உடனே விண்ணப்பியுங்கள்.

வேலை செய்யும் இடத்தில்

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வரும் முதல் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மழை நாளில் பிந்தினால், வந்த பிறகு காரணம் சொல்வதைவிட வழியிலேயே அழைத்துச் சொல்வது நல்லது. செக்ரோலில் பேர் விழுவது போலத்தான் வரவுப் புத்தகமும்: உங்கள் கையொப்பத்தை நீங்களே இடுங்கள், வேறு ஒருவருக்காக இடாதீர்கள்.

மேலதிகாரியைச் "சேர்", "மிஸ்" என்று அழைப்பது வழக்கம். மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்று இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். "ஆயெத் கியன்ன புளுவந்த?" (திரும்பச் சொல்ல முடியுமா?) என்று கேளுங்கள். கேட்டுச் செய்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. விளங்காமல் பிழையாகச் செய்தால்தான் பிரச்சினை.

தேநீர் நேரத்தில் "இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அறிமுகத்துக்காகத்தான். "வெளியே இருந்தோம், இப்போது ஊருக்கு வந்துவிட்டோம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். குடும்பம் பட்டதை எல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சம்பள நாளில்

சம்பளச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும். ஈ.டி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதத்தையும் நிறுவனமே கட்ட வேண்டும். அதை உங்களிடம் கழிக்கக் கூடாது.

உதாரணமாக, சம்பளம் 40,000 ரூபா என்றால்:

- உங்களிடம் கழிப்பது: 3,200 ரூபா
- நிறுவனம் ஈ.பி.எப்.புக்குக் கட்டுவது: 4,800 ரூபா
- நிறுவனம் ஈ.டி.எப்.புக்குக் கட்டுவது: 1,200 ரூபா

"தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈ.பி.எப்." என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, முதல் நாளிலிருந்தே உரியது. உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் செய்தால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு.

பிரச்சினை வந்தால்

முதலில் முகாமையாளரிடம் தனியாக, அமைதியாகப் பேசுங்கள். தீராவிட்டால் இரத்தினபுரியில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தமிழும் அரச கரும மொழி; ஆகவே தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் ஒரே கோவையில், லயத்துக் கூரை ஒழுகினாலும் நனையாத இடத்தில் வையுங்கள். அன்றைக்கு உங்களுக்காகப் பேசப்போவது அவைதான்.