பாட்டு சோறு போடுமா?

நம் வீட்டுப் பிள்ளைகளை ஐந்து வயதில் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். சரளி வரிசை தாண்டி ஒரு கீதம் பாடிவிட்டால் பூரித்துப் போகிறோம். அதே பிள்ளை வளர்ந்து, "இனி இதுதான் என் தொழில்" என்றால் மட்டும் நமக்குக் கை கால் ஓடுவதில்லை.

செம்பூரில் என் தங்கை வீட்டில் இப்போது இதே கதைதான். மருமகனுக்கு நல்ல கம்பெனி வேலை. "வேலையை விட்டுட்டு முழு நேரமா பாடப் போறேன் மாமா" என்கிறான். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. தங்கைக்குத் தூக்கமில்லை. "நீங்க சொன்னாக் கேப்பான் அண்ணா" என்று என்னிடம் அனுப்பினாள். அவனிடம் நான் சொன்னதை வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவனையே எடுத்துக் கொள்வோம். ஐந்து வயதில் வீணை. பிறகு டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக இசை, ஸ்ரீநிவாஸ் களேயிடம் மராத்திப் பாட்டு. நடுவில் கணினிப் பொறியியல் படித்து, மென்பொருள் வேலையும் பார்த்தார். விளம்பரப் பாடல்கள் பாடிப் பாடிக் கை பழகியது. 'பிரெத்லெஸ்' வெளியான 1998-ல் அவருக்கு 31 வயது.

ஹரிஹரனுக்குத் தாயார் அலமேலு மணியே முதல் குரு. பின்னர் உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி பயின்றார். 1977-ல் அகில இந்தியப் போட்டியில் வென்று, 1978-ல் 'கமன்' இந்திப் படத்தில் பாடினார். தமிழுக்கு 'ரோஜா' வழியாக வந்ததோ 1992-ல்! இடைப்பட்ட காலத்தில் கஜல் கச்சேரிகள் அவர் பெயரை வளர்த்தன. பாலாமணியின் இன்னொரு மாணவி பம்பாய் ஜெயஸ்ரீயும் இங்கே விளம்பரப் பாடல்கள் பாடியவர்தான்.

விளம்பரப் பாட்டு என்றால் இளக்காரம் வேண்டாம். அரை நிமிடத்துக்குள் சுருதி, தாளம், உச்சரிப்பு, பாவம் நான்கும் அமைய வேண்டும். மெட்டைக் கேட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தி, மராத்தி, தமிழ் என்று எந்த மொழியில் கொடுத்தாலும் நாக்கு புரள வேண்டும். காசும் கொடுத்துக் கற்றும் தருகிற பள்ளிக்கூடம் அது.

தாராவியில் வேறு வழி. 'டோப்பாடெலிக்ஸ்' ராப் குழுவினர் தங்கள் தெருவின் கதையைப் பல மொழிகளில் கலந்து பாடிப் பெயர் எடுத்தார்கள். 2018-ல் வெளியான 'காலா' படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் அவர்கள் குரல் ஒலித்தது. சபா மேடை இல்லாமலும் ஒரு வாசல் திறந்தது.

இன்னொரு விஷயம், கையெழுத்து. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை அது உறுதி செய்தது. பாடகருக்கும் ராயல்டி உரிமை தந்தது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் பாதி வருமானத்தைத் தொலைப்பான்.

ஆகவே மருமகனிடம் சொன்னேன்: "இரண்டு வருஷம் வேலையில் இரு. காலையில் சாதகம், சனி ஞாயிறு ஒலிப்பதிவும் கச்சேரியும். நான்கு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடு. பாட்டில் வரும் பணத்தைத் தனிக் கணக்கில் போடு. அது மாதா மாதம் கடன் தவணையைக் கட்டுகிற அளவுக்கு வந்தால், அம்மாவிடம் நானே பேசுகிறேன்." ஒப்புக்கொண்டான். தங்கை இன்னும் அரை மனதாகத்தான் இருக்கிறாள்.

கடைசியாக, நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளைப் பாடச் சொல்லி, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். பந்தல்காரருக்குக் கூலி, சமையல்காரருக்குக் கூலி, மைக் செட்டுக்கு வாடகை. பாடினவனுக்குக் கைதட்டல் மட்டும்தானா? அடுத்த விழாவில் பொன்னாடையோடு ஒரு கவரும் இருக்கட்டும். பாட்டு சோறு போடுமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நம் கையில்தான் இருக்கிறது.